வண்டல்: ஏரியடியில் அமரும் சொல்

ஏரியடி மண்ணில் சேரும் கன உலோக மாசைப் பற்றித் தமிழில் எழுத, முதலில் சொற்களைத் தேர வேண்டும். ஆங்கிலத்தில் 'செடிமென்ட்' எனப்படும் சொல், உட்கார்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நீரோடு வந்த மண்ணும் துகளும் ஓட்டம் தணிந்ததும் அடியில் அமர்ந்துவிடுவதே அதன் பொருள். இதற்குப் பாடநூல்கள் 'படிவு' என்கின்றன. சிலர் 'வீழ்படிவு' என எழுதுவது பிழை. கரைசலில் வேதிவினையால் திரண்டு விழுவதற்கே அப்பெயர் உரியது. 'கசடு' கழிவுநீருக்குப் பொருந்தும்.

ஏரியைப் பொறுத்தவரை 'வண்டல்' என்பதே என் தேர்வு. சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் பாவை செய்து ஆடும் விளையாட்டுக்கும் இதே பெயர் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தெலுங்கில் 'ஒண்ட்ரு மட்டி' எனக் கேட்டால், ஒலியிலும் பொருளிலும் அதன் நெருக்கம் உடனே விளங்கும். தருமபுரி உழவருக்கோ வண்டல் என்றால், கோடையில் வற்றிய ஏரியிலிருந்து அள்ளித் தோட்டத்தில் கொட்டும் உரமண். வளத்தைக் குறிக்கும் இச்சொல்லோடு 'மாசு' சேரும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

அம்மாசுக்கு வழங்கும் 'கன உலோகம்' என்ற பெயரில் கனம் வடசொல். அடர்த்தி என்ற பொருள் அதிலேயே உள்ளது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராமுக்கு மேற்பட்டவை என்பது வழக்கமான வரையறை. ஆயினும் 19.3 கிராம் அடர்த்தியுள்ள தங்கத்தை யாரும் மாசு என்பதில்லை. அடர்த்தியும் நச்சுத்தன்மையும் வேறுவேறு என்பதால் இச்சொல்லே பொருளற்றது எனப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று வாதிட்டது. ஈயம், காட்மியம், குரோமியம் எனப் பெயர் சொல்லி எழுதுவதே நேர்மை. தருமபுரி நிலத்தடி நீரின் புளூரைடை இப்பட்டியலில் சேர்ப்பது தவறு. அது உலோகமன்று, பெரும்பாலும் பாறையிலிருந்து கரைந்து வருவது.

பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே கண்ணில் படும் நுரை பெரும்பாலும் சலவைப் பொருள்களால் எழுவது. கழிவுநீரோடு வரும் உலோகமோ களிமண் துகளைப் பற்றிக்கொண்டு ஓசையின்றி அடியில் தங்கும். வறண்ட நிலத்து ஏரியில் மிகைநீர் வழியும் கலிங்கு வழியே நீர் வெளியேறும் ஆண்டுகள் குறைவு. நீர் ஆவியாகும், உலோகம் ஆவியாகாது. காற்றுப் புகாத ஈரச்சேற்றில் சல்பைடாகக் கட்டுண்டிருக்கும் காட்மியம், துத்தநாகம் போன்றவை, ஏரி வற்றி மண் வெடித்துக் காற்றுப் பட்டதும் கரையும் சல்பேட்டாக மாறி, அடுத்த மழையில் நீருக்குத் திரும்பக்கூடும். உழவர் வண்டலை அள்ளுவதும் அந்த வறண்ட நாள்களில்தான்.