தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு: சட்டம் தருவது என்ன?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை அல்லது நிறுவனத்தில் பணிபுரியும் பெண், பேறுகாலம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருந்தால், அவருக்கு முதல் இரு குழந்தைகளுக்கும் தலா 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரங்களாக இருந்ததை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 26 ஆக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த அளவே தொடர்கிறது. மூன்றாவது குழந்தைக்கு விடுப்பே கிடையாது என்று பல அலுவலகங்களில் சொல்லப்படுவது தவறு. அப்போதும் 12 வாரங்கள் உண்டு. தினக்கூலிப் பெண்களுக்கும் இவ்வுரிமை பொருந்தும் என உச்ச நீதிமன்றம் தில்லி மாநகராட்சி வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

விடுப்பைக் கோரும்போது எந்த நாளிலிருந்து வேலைக்கு வர இயலாது, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 26 வாரங்களில் அதிகபட்சம் 8 வாரங்களைப் பேறுகாலத்துக்கு முன்பே எடுக்கலாம். அந்தப் பகுதிக்கான தொகையைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். எஞ்சியதைப் பிரசவச் சான்று கிடைத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கடிதம் கொடுக்கத் தவறியவர்கூட உரிமையை இழப்பதில்லை. பிரசவத்துக்குப் பின்னரும் அதைக் கொடுக்கலாம். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவருக்கு இத்தொகையை நிறுவனத்துக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. கழகம் வழங்குகிறது.

விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வதும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம். அப்படி நடந்தால் உத்தரவு கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதால், மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று அனைத்தையும் பத்திரப்படுத்துவது மிக அவசியம். வேலைக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்காக நாளொன்றுக்கு இரண்டு கூடுதல் இடைவேளைகள் உண்டு. ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனம் குழந்தைகள் காப்பகம் அமைத்து, தாய் நாளில் நான்கு முறை சென்றுவர அனுமதிக்க வேண்டும்.

இச்சட்டத்தின் பெருங்குறை, இ.எஸ்.ஐ.க்கு வெளியே முழுச் செலவையும் முதலாளி ஒருவர்மீதே சுமத்துவதுதான். இளம்பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் நிறுவனங்களுக்கு அது ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. குழந்தை வளர்ப்பு தாயின் வேலை மட்டுமே என்ற எண்ணத்தையும் இச்சட்டம் அசைக்கவில்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு இருக்க, தனியார் துறைத் தந்தைக்கு மத்தியச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. ஆகவே அவர் தமது நிறுவனத்தின் விடுப்பு விதிகளை மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.