போர்ட் வைக்கச் சொன்னால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் ஒரு அம்மாவின் இடது கையைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வயது 46. வலது மார்பில் புற்றுநோய், இரண்டாம் நிலை. அறுவை சிகிச்சையில் வலது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த பக்கத்துக் கையில் ஊசி போடுவதை முடிந்தவரை தவிர்ப்போம், கை வீங்கிவிடும் என்று. ஆக கீமோ ஏற்ற மிச்சம் இருந்தது ஒரே ஒரு கை. அதிலும் நரம்பு நூல் மாதிரி. நரம்பு என்று வார்டில் எல்லோரும் சொல்வது ரத்தக்குழாயைத்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.

அவருக்குச் சிகிச்சை தொடங்கிய இடத்தில் முதல் நாளே போர்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கீமோ மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கிண்ணமும் குழாயும்தான் போர்ட். வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது சைக்கிளில், அதாவது மூன்றாவது கீமோ சுற்றில், சிவப்பு மருந்து (சிவப்பு நிறத்தில் இருக்கும் ஒரு கீமோ மருந்து) நரம்புக்கு வெளியே கசிந்தது. எங்களிடம் வந்தபோது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் குழி விழுந்த புண். பிளாஸ்டிக் சர்ஜன் பார்க்க வேண்டியதாயிற்று. கீமோ தள்ளிப்போனது.

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன். கொழுந்தனார் சொன்னாராம்: "நெஞ்சுல மெஷின் வெக்கச் சொல்றாங்கன்னா முத்திப்போச்சுன்னு அர்த்தம் அண்ணி. கடைசிக் கட்டத்துலதான் அதெல்லாம் வெப்பாங்க."

கீமோ வார்டில் செவிலியராக 16 வருடம் ஆகிறது. இந்த வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தைக்கு விலை கொடுப்பது நோயாளியின் கை.

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். போர்ட் வைப்பதா வேண்டாமா என்பதை நோயின் நிலை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. என்ன மருந்து, எத்தனை முறை, எத்தனை மணி நேரம், கையில் நரம்பு எப்படி இருக்கிறது, இவைதான் கேள்வி. மார்பகப் புற்றுநோயில் வழக்கமான ஒரு முறையில் சிவப்பு மருந்து நான்கு தடவை, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை. மொத்தம் 16 முறை ஒரே கையைக் குத்த வேண்டும். இதைக் குணப்படுத்தும் நோக்கத்தில்தான் கொடுக்கிறோம். பெருங்குடலில் மூன்றாம் நிலைப் புற்றுநோயை அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுத்த பிறகும், திரும்ப வராமல் இருக்கக் கீமோ கொடுக்கிறோம். அதில் ஒரு மருந்து 46 மணி நேரம் விடாமல் ஏற வேண்டும். இடுப்பில் சின்ன பம்ப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், போர்ட் இருந்தால். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம்கூட நீளும். அவர்களில் பெரும்பாலோர் குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறவர்கள். அந்தப் பிஞ்சுக் கைகளை ஒவ்வொரு முறையும் தேடித் தேடிக் குத்தக் கூடாதென்றுதான் அவர்களுக்கும் போர்ட் வைக்கிறோம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோயில் தினம் ஒரு மாத்திரை மட்டுமே சாப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் போர்ட் தேவையே இல்லை. உங்கள் உறவினர் சொல்வது உண்மையானால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

அது மெஷினும் இல்லை. பேட்டரி கிடையாது, சத்தம் கிடையாது, எதையும் இயக்குவதும் இல்லை. ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் ஒரு சின்னக் கிண்ணம், மேலே சிலிக்கோன் மூடி, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். கிண்ணம் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் உட்காரும். குழாயின் நுனி இதயத்துக்குச் சற்று மேலே, பெரிய ரத்தக்குழாயில் நிற்கும். அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்துவிடும்; நரம்பை எரிக்காது. 1982இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நீடர்ஹூபரும் அவர் குழுவினரும் இதைப் பற்றி எழுதினார்கள். 40 வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும் பொருள்.

சரி, வைக்கும் நாளுக்கு வருவோம். பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் பெரும்பாலும் வைப்பார்கள். சிலருக்குத் தூக்கம் வரவும் மருந்து கொடுப்பார்கள்; அப்போது எத்தனை மணி முதல் சாப்பிடக் கூடாது என்று சொல்வதை அப்படியே கேளுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேர வேலை. கழுத்தில் ஒரு சின்ன வெட்டு, நெஞ்சில் கொஞ்சம் பெரிய வெட்டு. வலியைவிட மக்களைப் பயமுறுத்துவது முகத்தின் மேல் போடும் பச்சைத் துணிதான். மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், தூக்கிப் பிடிப்பார்கள். அழுத்துவதும் தள்ளுவதும் நன்றாகத் தெரியும். குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி உள்ளே போகும்போது ஓரிரு நொடி நெஞ்சு படபடக்கலாம். முடிந்ததும் ஓர் எக்ஸ்ரே: குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க. அவசரம் என்றால் அன்றைக்கே அதில் மருந்து ஏற்றலாம்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டால் மறைக்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். பெண்கள் கூச்சப்படாமல் இதையும் சொல்ல வேண்டும்: பிரா பட்டை எங்கே வருகிறது, தாலிச் சங்கிலி எங்கே உரசுகிறது, ரவிக்கைக் கழுத்து எவ்வளவு இறக்கம். வெட்டுவதற்கு முன்னால் சொன்னால் ஓர் அங்குலம் தள்ளிக் குறி போடலாம். வைத்த பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்கைந்து நாள் வலி இருக்கும், கழுத்துப் பக்கம் இழுக்கும். கன்றிப்போகும். ஒன்றிரண்டு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் அந்தக் கையால் தூக்க வேண்டாம். அதற்காகக் கையை மார்போடு கட்டிவைத்ததுபோல் உட்காராதீர்கள், தோள் இறுகிப்போகும். தலை வாருங்கள், சாப்பிடுங்கள், மெதுவாக அசையுங்கள். காயத்தின் மேல் மஞ்சள் பூசாதீர்கள், விபூதியும் வேண்டாம். நெற்றியில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள், அங்கே மட்டும் வேண்டாம். காயம் ஆறிய பிறகு தலைக்குக் குளிக்கத் தடையில்லை.

ஒவ்வொரு முறையும் தோலைக் குத்தித்தான் ஊசி நுழையும். ஒரு சுருக், அவ்வளவுதான். அதுவும் பயமாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே தடவ மரத்துப்போகும் களிம்பு உண்டு, கேளுங்கள். சலைன் தள்ளும்போது வாயில் உப்புக் கரிக்கும், சிலருக்கு ஒரு வாடை வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருந்து ஏறும்போது எரிந்தாலோ, போர்ட்டைச் சுற்றி வீங்கினாலோ அந்த நொடியே கூப்பிடுங்கள். "சிஸ்டர் பிசியா இருந்தாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஊசி நகர்ந்திருந்தால் போர்ட்டிலும் மருந்து கசியும்.

ஊர்ப்பக்கம் உள்ள கிளினிக்குகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்ட்டுக்கு ஹூபர் ஊசி என்று தனியாக ஒன்று இருக்கிறது. சாதாரண ஊசியால் குத்தினால் சிலிக்கோன் மூடி துளித் துளியாகப் பெயர்ந்து, பிறகு ஒழுகும். 10 மில்லிக்குக் குறைந்த சிரிஞ்சில் தள்ளாதீர்கள். சின்ன சிரிஞ்சின் அழுத்தத்தில் குழாய் வெடித்துவிடலாம். குளுக்கோஸ் ஏற்ற வசதியாக இருக்கிறதே என்று தெரியாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். நோயாளிகளே, யாராவது ஊசியோடு வந்தால் முதலில் கேளுங்கள், "ஹூபர் ஊசியா?" என்று. வெட்கப்பட வேண்டாம். போர்ட் வைத்ததும் கொடுத்த கார்டைப் பர்ஸில் வையுங்கள், ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் காட்டுங்கள்.

சிக்கலே வராது என்று சொல்ல மாட்டேன். கிருமி தொற்றலாம், ரத்தம் உறைந்து அடைக்கலாம். கழுத்தோ அந்தப் பக்கத்துக் கையோ வீங்கினால் வாருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், அல்லது ஃபிளஷ் செய்த (போர்ட்டைச் சலைன் விட்டுக் கழுவிய) சில மணி நேரத்தில் குளிர் தூக்கிப்போட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். கீமோவில் வெள்ளையணு குறைந்திருக்கும் நேரத்தில் சில மணி நேரம்கூடப் பெரிய நேரம்.

கீமோ முடிந்ததும் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். போர்ட் உள்ளே இருக்கும்வரை அதைச் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். பல இடங்களில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள், சில இடங்களில் மூன்று மாதம்வரை விடுகிறார்கள். உங்கள் மருத்துவமனை சொன்ன தேதிக்கு வாருங்கள். எப்போது எடுப்பது என்று டாக்டர் சொல்வார். எடுப்பது வைப்பதைவிடச் சின்ன வேலை.

அந்த அம்மாவுக்கு இந்தத் திங்கட்கிழமை இடது பக்கம் போர்ட் வைத்தாயிற்று. கொழுந்தனார்தான் கூட வந்திருந்தார். கார்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஃபிளஷ் தேதியைத் தன் போனில் குறித்துக்கொண்டார்.