பம்பு வார்ப்படத்துக்குள் ஊசியும் துளையும்

வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் பருவமழை பிடித்துவிட்டால் அலுமினிய உலைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் ஈரம் அதிகம். உருகிய அலுமினியம் அந்த நீராவியைப் பிளந்து, ஆக்சிஜனை மேலே ஆடையாக்கி, ஹைட்ரஜனை உள்ளே கரைத்துக்கொள்கிறது. 660 டிகிரி செல்சியஸில் 100 கிராம் திரவ அலுமினியம் சுமார் 0.7 கன செ.மீ. ஹைட்ரஜனை ஏற்கும்; உறைந்ததும் 0.04 கூடத் தாங்காது. மிச்சம் குமிழாகி உள்ளேயே நின்றுவிடும். அதனால் இங்காட்டையும் (உருக்கப் போடும் அலுமினியக் கட்டி) கரண்டியையும் சூடாக்கி உலர்த்திய பிறகே உலையில் இறக்குங்கள். ஈரக் கரண்டி துளையை மட்டும் தராது, உலோகத்தைத் தெறிக்கவும் வைக்கும்.

பம்பு உறுப்புகளுக்கு ஏற்ற எல்எம் 25 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் 7 சதவீதம் அளவில் இருக்கும். முதலில் அலுமினியம் மரக்கிளை போலக் கிளைத்து உறையும். கிளைகளுக்கு நடுவே மிஞ்சும் திரவத்தில் சிலிக்கான் சேர்ந்து 12 சதவீதத்தைத் தாண்டும். 577 டிகிரி வாக்கில் அதுவும் உறையும். அப்படியே விட்டால் சிலிக்கான் தகடு தகடாக வளரும். வெட்டிப் பார்த்தால் ஊசிகளாகத் தெரியும். விரிசல் அந்த ஊசி வழியேதான் ஓடும்.

சோடியம் சேர்த்தால் இந்தத் தகடுகள் பவளக்கொடி போன்ற நுண் இழைகளாகும் என்று ஆலடார் பாட்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். 1921-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. சோடியம் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரான்சியம் மணிக்கணக்கில் நிற்கும், நான் அதையே சொல்வேன். 0.02 சதவீதம் போதும்: 100 கிலோ உலோகத்துக்கு, 10 சதவீத ஸ்ட்ரான்சியம் கலந்த அலுமினியமான தாய்க்கலவை 200 கிராம். கரைந்த ஹைட்ரஜனை வெளியேற்றக் குளோரின் உள்ள வாயுநீக்கி மாத்திரை போடுவதானால் அதை முதலில் போடுங்கள். பின்னால் போட்டால் குளோரின் ஸ்ட்ரான்சியத்தைக் கசடோடு இழுத்துப் போய்விடும். ஆர்கான் வாயுவைச் சுழலி வழியே 10, 15 நிமிடம் செலுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

இரும்பு தனித் தொல்லை. ஸ்கிராப்பிலிருந்தும் பூச்சு உரிந்த இரும்புக் கரண்டியிலிருந்தும் கரைந்து வந்து, முறியும் தகடுகளாகப் படியும். இரும்பில் பாதி அளவு மாங்கனீசு இருந்தால் அவை கிளைத்த வடிவத்துக்கு மாறும், தீங்கு குறையும். உலோகத்தை அழுத்தத்தோடு அச்சில் செலுத்தும் அழுத்த வார்ப்பில் மட்டும் உலோகம் அச்சில் ஒட்டாதிருக்க ஓரளவு இரும்பை வேண்டுமென்றே வைப்பார்கள்.

உலோகம் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதும் கணக்கு; மெல்ல ஆறினால் அலுமினியக் கிளைகள் தள்ளித் தள்ளி வளரும். மண் அச்சில் கிளை இடைவெளி 50 மைக்ரானைத் தாண்டும். உலோக அச்சில் அதில் பாதிகூட வராது. அதே கலவை, அதே உலை, ஆனால் மெல்ல ஆறும் தடித்த இடம் மெலிந்த இடத்தைவிட மோசமாக உறையும்.

சந்தேகம் வந்தால் கோப்பையில் கொஞ்சம் உலோகம் எடுத்துக் குறை அழுத்தத்தில் உறையவிட்டு அறுத்துப் பாருங்கள். பளபளவென்ற உருண்டைத் துளை என்றால் ஹைட்ரஜன், வாயுநீக்கத்தை மறுபடி செய்யுங்கள். வார்ப்படத்தின் தடித்த பகுதியில் மட்டும் ஓரம் கிழிந்தது போல் பொந்து தெரிந்தால் அது சுருக்கம். உறையும்போது உலோகத்தை ஊட்டும் ரைசரைப் பெரிதாக்க வேண்டும்.