உறைந்தால் செல் சாகாதா?

"கீமோதெரபிக்கு முன்பு சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைக்கலாம் என்கிறார்கள். உறைந்தால் செல் செத்துவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சும்மா குளிர்வித்தால் சாகத்தான் செய்யும். செல்லுக்குள் பனிப் படிகம் வளர்ந்தால் சவ்வு சிதைந்துவிடும்.

ஒரு பெண்ணுக்குரிய கருமுட்டைகள் பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன. சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோதெரபி மருந்துகள் புற்றுச்செல்லோடு அவற்றையும் அழிக்கின்றன. முதிர்ந்த முட்டைகளை எடுத்துச் சேமிக்கச் சுமார் இரண்டு வாரம் ஹார்மோன் ஊசி போடவேண்டும். பருவமடையாத சிறுமிக்கு அந்த வழியே இல்லை. அதனால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்யும் அறுவை) மூலம் சினைப்பையின் மேற்புறத் திசுவை எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். உறங்கும் இளம் முட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

இனி எனக்கு மிகப் பிடித்த கட்டம். டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற உறைகாப்புப் பொருள் கலந்த கரைசலில் திசுத் துண்டுகளை ஊறவைத்து, குழாயில் அடைத்து, மைனஸ் 7 அல்லது 8 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். அப்போதும் அது திரவமாகவே இருக்கும்! பனி பிடிக்க ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். தானாக உறையட்டும் என்று விட்டால், இன்னும் பல டிகிரி இறங்கியபின் மொத்தமும் திடீரென்று உறையும்; தண்ணீரை வெளியேற்றச் செல்லுக்கு நேரமிருக்காது. எனவே ஆய்வகப் பணியாளர் திரவ நைட்ரஜனில் தோய்த்த இடுக்கியால் குழாயின் வெளிச்சுவரைத் தொடுகிறார். தொட்ட இடத்தில் ஒரு வெண்புள்ளி தோன்றும். அங்கிருந்து பனி மெல்லப் பரவும்.

பிறகு நிமிடத்துக்கு 0.3 டிகிரிதான் குறைக்கிறார்கள். பனி, தண்ணீரை மட்டுமே சேர்த்துக்கொண்டு உப்பை ஒதுக்கிவிடுகிறது. மிச்சமுள்ள கரைசல் அடர்த்தியாகிறது; பள்ளியில் படித்த சவ்வூடுபரவலால் செல்லுக்குள்ளிருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறது. செல் சுருங்குகிறது. உள்ளே படிகம் உண்டாகத் தண்ணீரே போதாது! பனிதான் செல்லின் எதிரி. அந்தப் பனியைக் கொண்டே செல்லைக் காப்பாற்றும் இந்த உத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. கடைசியாகத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், திசு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும்.

1994-ல் ஆராய்ச்சியாளர் ரோஜர் காஸ்டன் குழுவினர் ஆட்டின் சினைப்பைத் திசுவை உறையவைத்து, மீண்டும் பொருத்திக் குட்டி ஈனச் செய்தார்கள். "ஆட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். பத்தே ஆண்டுகளில், 2004-ல், பெல்ஜியத்தில் மருத்துவர் ஜாக் டோனே இப்படி உறையவைத்த திசுவைத் திரும்பப் பொருத்திய தாய்க்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்திருந்தது. திசுவை எடுத்துவைத்தது 1997-ல்.

பொருத்திய திசுவில் ரத்தக்குழாய்கள் வளரச் சில நாட்களாகும். உறையவைத்ததில் பிழைத்த முட்டைகளில் பல அந்த இடைவெளியில் அழிகின்றன. தப்பியவை வேலைசெய்ய நான்கைந்து மாதங்களாகும். பிறகு மாதவிடாய் திரும்புகிறது. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் நிலை வேறு. திசுவிலேயே புற்றுச்செல் ஒளிந்திருக்கலாம் என்பதால் திரும்பப் பொருத்துவது ஆபத்து. முட்டைகளை மட்டும் பிரித்து ஆய்வகத்தில் வளர்க்க முயன்றுவருகிறார்கள். அதுவரை அவர்களில் பெரும்பாலோரின் திசு நைட்ரஜன் தொட்டியிலேயே காத்திருக்கிறது.