கீழ்த்தளத்து விறகு அடுப்பு: சுவரில் ஓட்டை போட்டால் சிம்னி ஆகிவிடாது

மார்கழி நெருங்கினால் ஏற்காட்டில் இதே கதைதான். சரிவில் கட்டிய வீடு. சாலை மட்டத்தில் வரவேற்பறை, அதற்குக் கீழே மண்ணை வெட்டி ஓர் அறை. அந்தக் கீழறையில் வார்ப்பிரும்பு விறகு அடுப்பை இறக்கி, பின்சுவரில் நாலங்குல ஓட்டை போட்டு, ஒரு பிவிசி பைப்பை வெளியே நீட்டிவிடுகிறார்கள். கேட்டால், "புகை தானா மேல போயிடும் சார்."

போகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சூடான காற்று மேலே ஏறும் என்பது புகைக்கு மட்டுமல்ல, முழு வீட்டுக்கும் பொருந்தும். வீட்டுக்குள் இருக்கும் கதகதப்பான காற்று படிக்கட்டு வழியாக ஏறி, மாடி ஜன்னலிலும் ஓட்டு இடுக்கிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். போன காற்றுக்கு ஈடாகக் கீழ்த்தளம் எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். ஜன்னல்களைப் பனிக்குப் பயந்து சாத்திவிட்டீர்கள். மிச்சமிருக்கும் ஒரே வழி புகைக்குழாய்தான். சமையலறையில் மின்சார சிம்னி ஓடினால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் இழுக்கும் என்று பல மாடல்களின் அட்டையிலேயே போட்டிருக்கும். மேலே இரண்டு தோசை வார்ப்பதற்குள் கீழே புகை அறைக்குள் திரும்பிவிடும்.

புகை திரும்பினாலாவது இருமி எழுந்துவிடலாம். ஆபத்து விடியற்காலையில். தீ அடங்கிக் கனலாகும்போது குழாய் ஆறி, புகையை மேலே இழுக்கும் இழுவை குறைந்துவிடும். கனலில் புகை தெரியாது. கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. "புகையே இல்லையே, வெறும் கனல்தானே" என்று கதவைச் சாத்திக் குழந்தைகளை அங்கே படுக்க வைக்காதீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த அறையிலும், மாடிப் படுக்கையறையிலும் தலா ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள்.

சிம்னியை அடுப்பு வாங்கும்போது யோசிக்காதீர்கள். தளம் போடும் முன்பே யோசியுங்கள். குழாய் வீட்டுக்குள்ளேயே நேராக ஏறி கூரை வழியாக வெளியேறுவதுதான் நல்லது. வெளிச்சுவரை ஒட்டி ஏறும் குழாய் பனியில் சில்லிட்டு, இழுவை செத்துவிடும். அடுப்பில் புகை வெளியேறும் வாய் 6 அங்குலம் என்றால் உள்குழாயும் கடைசிவரை 6 அங்குலம். நடுவில் குறுக்கக் கூடாது. சுற்றிலும் ஓர் அங்குல வெப்பக் காப்பு உள்ள இரட்டைச் சுவர்க் குழாய்க்கு வெளிவிட்டம் 8 அங்குலம். அதைச் சுற்றி 2 அங்குலம் விட்டால் தளத்தில் ஓரடிக்கு ஓரடி துவாரம் வேண்டும். அது பீமில் விழாத இடமா என்று இன்ஜினியரிடம் காட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஓட்டு வீட்டில் மரச்சட்டத்துக்கும் அதே இடைவெளி. காப்பில்லாத ஒற்றைத் தகடு என்றால் 18 அங்குலம்.

பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும். விறகுப் புகையால் குழாய்க்குள் படிந்த தார் பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்தான் வேண்டும். அந்த ஸ்டீல் ஆலை இருக்கும் சேலத்துக்கு அடிவாரம் இறங்கினால் போதும், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இணைப்பில் ஒரு தவறு ஓயாமல் நடக்கிறது. புகை மேலே போகிறதே என்று கீழ்க்குழாயின் வாயை மேல்குழாய்க்குள் செருகுகிறார்கள். கறுப்புத் தார் ஒவ்வொரு மூட்டிலும் கசிந்து சுவரில் வழியும். மழைத்தண்ணீர்க் குழாய் மாட்டுவதுபோல மேல்குழாயின் குறுகிய முனை கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். மூட்டுக்கு மூன்று ஸ்க்ரூ.

குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி அதிகம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் அந்தக் கணக்கில் வரும்.

எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக்கை அந்த வாரமே எரிக்காதீர்கள். பிளந்து, கூரைக்கடியில் அடுக்கி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும். குழாய்க்குள் தார் 3 மில்லிமீட்டர் படிந்தால் உடனே சுத்தம் செய்யுங்கள்.

முதல் தீ மூட்டும் முன் கதவு ஜன்னல்களைச் சாத்தி, சமையலறை சிம்னியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டுவிட்டு, அடுப்பு வாயில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை உள்ளே இழுபட வேண்டும். உங்கள் முகத்துக்குத் திரும்பினால் அன்று மூட்டாதீர்கள். வெளிக்காற்று வர அந்த அறைக்குத் தனி வழி வைத்த பிறகு மூட்டுங்கள்.