பார்த்துக்கொள்ளுவார்: ‘பராமரிப்பு’ என்ற சொல் பற்றி

பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறுகிறோம். அதில் பல வருடம் காணாத ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இதைத் “தற்செயலாய்க் கண்டனான்” என்பார். இன்னொருவர் “ஆண்டவர்தான் கண்முன்னாலை கொண்டுவந்து விட்டவர்” என்பார். இந்த இரண்டாவது நம்பிக்கைக்கு ஆங்கிலத்தில் புரொவிடன்ஸ் என்று பெயர். தமிழில் கத்தோலிக்கர் பெரும்பாலும் இறைப் பராமரிப்பு என்றும், மற்றச் சபையினர் தேவ பராமரிப்பு என்றும் எழுதுவார்கள்.

ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘புரோ’ என்றால் முன்னே, ‘விடேரே’ என்றால் பார்த்தல். வரப்போவதை முன்கூட்டியே பார்த்து, அதற்கு வேண்டியதை ஆயத்தம் செய்வது. பராமரிப்பு வடமொழி வழி வந்த சொல். தொடுதல், ஆராய்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, பேணுதல் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. நல்ல சொல்தான். ஆனால் இன்றைக்கு அதைக் கேட்டால் வீதிப் பராமரிப்பும் வாகனப் பராமரிப்புமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ‘பார்த்தல்’ அதில் இல்லை.

அந்தப் பார்த்தல் நம் வேதாகமத்திலேயே இருக்கிறது. பலியிடுவதற்காக மோரியா மலைக்குப் போகும் வழியில், பலிக்கு ஆடு எங்கே என்று ஈசாக்கு தகப்பன் ஆபிரகாமிடம் கேட்கிறான். தேவன் “பார்த்துக்கொள்வார்” என்கிறார் ஆபிரகாம். பிறகு அந்த இடத்துக்கு யேகோவாயீரே என்று பெயரிடுகிறார். ‘யீரே’ என்ற எபிரேயச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘பார்ப்பார்’ என்பதுதான். காண்பதையும் கவனித்துச் செய்வதையும் ஒரே வினையில் சொல்ல எபிரேயத்துக்கு முடிந்தது, தமிழுக்கும் முடிகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள் என்று தினமும் சொல்கிறோமே, அதேதான். என்னைக் கேட்டால் புரொவிடன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை.

அப்படியானால் தற்செயல் என்பது பொய்யா? இல்லை. தன் + செயல், தானாக நிகழ்வது. வேதாகமத்தில் வரும் ரூத் என்ற கைம்பெண் கதிர் பொறுக்கப் போன வயல் போவாசுடையதாக இருந்ததைத் தமிழ் வேதாகமம் ‘தற்செயலாய்’ என்றே சொல்கிறது. எபிரேயத்தில் இன்னும் அழுத்தம்: அவளுக்கு ஒரு நேர்வு நேர்ந்தது என்று ஒரே வேர் இருமுறை வருகிறது. அவள் எதையும் திட்டமிடவில்லை. ஆனால் அந்தப் போவாசையே அவள் மணந்தாள், அவளுடைய பேரனின் மகன்தான் தாவீது அரசன். மனிதர் பக்கம் நின்று பார்த்தால் தற்செயல், கடவுள் பக்கம் நின்று பார்த்தால் பராமரிப்பு. அதனால் இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும்.

புரொவிடன்ஸை விதி என்று மொழிபெயர்க்கவே கூடாது. விதியிடம் மன்றாட முடியாது. முன்குறித்தல் என்பதும் வேறு. அது யார் மீட்படைவார் என்று கடவுள் முன்னமே குறிப்பதைப் பற்றிய சொல்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது அம்மம்மா திரும்பத் திரும்பச் சொன்னது “ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்” என்பதைத்தான். பராமரிப்பு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதேயில்லை. அப்புறம் பிள்ளைகளை இழந்த வீடுகளுக்குப் போகும்போது அவர் இந்த வசனத்தைச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவார்.