'ரத்ன' என்றால் ரத்தினமா?

வங்கதேசத்துக் காந்தஜீ கோயிலை 'நவரத்தினங்கள் இழைத்த கோயில்' என்று தமிழில் முதல்முறை படித்தபோது சிரித்தேன். மூன்றாம் முறை எரிச்சல் வந்தது. அங்கே மாணிக்கமும் இல்லை, மரகதமும் இல்லை. சுவர் முழுக்கச் சுடுமண் பலகைகள், அவற்றில் ராமாயண, பாரதக் காட்சிகள். தினாஜ்பூர் மகாராஜா பிராணநாத் தொடங்கி, அவருடைய சுவீகாரப் பிள்ளை ராமநாத் 1752இல் முடித்த கிருஷ்ணன் கோயில் அது. (மகாராஜா என்பது பட்டம்; அவர்கள் பெரிய ஜமீன்தார்கள்.)

சொல்லென்னவோ வடமொழி ரத்னம்தான். வங்காளிகள் வாயில் 'ரொத்னோ'. ஆனால் அவர்களுடைய கோயில் கட்டடக்கலையில் அது கூரைமேல் எழும் முடியைக் குறிக்கும். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால் ஏகரத்ன. நான்கு மூலைகளிலும் சேர்ந்தால் பஞ்சரத்ன. மேலே இன்னொரு தளம் எழுப்பி அதன் மூலைகளிலும் நான்கு வைத்தால் நவரத்ன. மேற்கு வங்கத்துக் கால்னாவில் பர்த்தமான் ராஜ குடும்பம் கட்டிய லால்ஜி கோயிலுக்கு 25. அத்தனை வகை ரத்தினத்துக்கு மொழிபெயர்ப்பாளர் எந்த நகைக்கடைக்குப் போவார்?

விவரம் தெரிந்தவர்கள் 'நவகோபுரக் கோயில்' என்கிறார்கள். இது இன்னும் மோசம். கோபுரம் வாசலில் நிற்பது. கருவறைமேல் நிற்பது விமானம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையே கோபுரம் என்று சொல்லிச் சொல்லி அந்த வேறுபாட்டைப் பாதி தொலைத்துவிட்டோம். மீதியையும் வங்காளத்துக்கு ஏற்றுமதி செய்ய வேண்டுமா? 'ஒன்பது கோபுரம்' என்றால் தமிழ் வாசகர் ஒன்பது வாசலைத் தேடுவார். இவையோ கூரைமேல் இருந்தவை. 'சிகரம்' பரவாயில்லை. ஆனால் நம் சிற்ப நூல்களில் அது விமானத்தின் ஆறு உறுப்புகளில் ஒன்று: கழுத்துக்கு மேலே, உச்சிக் கலசமான தூபிக்குக் கீழே. ஓர் உறுப்பின் பெயரை முழு அமைப்புக்கு வைத்தால் அடுத்த குழப்பம் தொடங்கும்.

'முடி' போதும். திருப்பதியில் கொடுப்பதுதானே என்று நண்பர் ஒருவர் கிண்டலடித்தார். மலைமுடி என்றால் யாரும் கத்திரிக்கோலைத் தேடுவதில்லையே! ஒருமுடிக் கோயில், ஐம்முடிக் கோயில், ஒன்பதுமுடிக் கோயில்: தமிழாகவும் இருக்கிறது, கணக்கும் தப்பவில்லை. ரத்தினத்தை விட மனமில்லாதவர்கள் 'மணிமுடி' என்று வைத்துக்கொள்ளட்டும்.

காந்தஜீ கோயில் 'இன்றும் ஒன்பது கோபுரங்களோடு கம்பீரமாக நிற்கிறது' என்றும் எழுதுகிறார்கள். அந்த ஒன்பதும் 1897 நிலநடுக்கத்திலேயே விழுந்துவிட்டன. அகராதி வேண்டாம், கோயிலின் படத்தையாவது பார்த்திருக்கலாம்.